அக்கா உட்காரவில்லை

மே 12, திங்கள்

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆகவே கோகிலாக்காவுக்கு எங்கே வலிக்கிறது என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாராபுரத்திலிருந்து வந்தவள் அக்கா. பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து அவளால் உட்கார முடியவில்லை. நிற்கிறாள், நடக்கிறாள், ஒருக்களித்துப் படுக்கிறாள். உட்கார்ந்தால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. எழுந்திருக்கும்போது இன்னும் மோசம். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறாள்.

"புள்ள பெத்தா வலிக்காம என்ன பண்ணும்? நாங்கெல்லாம் பெக்கலையா?" என்கிறார் அம்மா. அம்மா இரண்டு பெற்றவர். அதனால் இந்தத் துறையில் தன்னை நிபுணராகக் கருதுகிறார். இரண்டு முறை பஸ்ஸில் போய்விட்டு எனக்கு பஸ் ஓட்டத் தெரியும் என்பதுபோல.

எதிர்வீட்டு மல்லிகா அத்தை வேறு ஒரு முடிவு சொன்னார். "வாயுங்கக்கா. பூண்டு தட்டிப் பால்ல போட்டுக் குடுங்க. ரெண்டு ஏப்பம் விட்டா ஓடிப்போயிரும்."

அக்கா ஒரு வாரமாகப் பூண்டுப்பால் குடிக்கிறாள். ஏப்பம் வருகிறது. வலியும் இருக்கிறது.

அப்பா பேப்பரைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறேன். விலங்கியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். ஒரு தவளையைக்கூட நாங்கள் இதைவிட மரியாதையாகக் கவனிப்போம்.

மே 14, புதன்

இன்று குளியல் நடக்கும்போது கதவருகே நின்று பார்த்தேன். அக்காவைச் சின்ன முக்காலியில் உட்காரவைத்து, மல்லிகா அத்தை இடுப்பில் எண்ணெய் வைத்து நீவினார். பிறகு அம்மா அண்டாவிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீரை எடுத்து இடுப்பில் வீசி வீசி ஊற்றினார். இரண்டு பேரும் துணி துவைப்பவர்கள்போல மும்முரமாக இருந்தார்கள். அக்கா முக்காலியின் விளிம்பில், முன்னால் குனிந்து, முழு எடையையும் தொடையில் தாங்கிக்கொண்டிருந்தாள். வலி இடுப்பில் இல்லை என்று அந்த உட்காரும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு அறையில் தனியாக இருக்கும்போது கேட்டேன்.

"அக்கா, இடுப்புன்னு சொல்றயே, இடுப்பா?"

"இல்ல புள்ள. கீழ."

"எங்க?"

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பிடித்துப் புடவைக்கு மேலேயே வைத்துக் காட்டினாள். முதுகெலும்பு முடிகிற இடம். பிட்டங்களுக்கு நடுவே, சரியாக ஒரு புள்ளி. லேசாக அழுத்தினேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அப்பறம் ஏன் இடுப்புன்னு சொன்ன?"

"அந்த எடத்த எப்படிச் சொல்றது?"

என் அக்கா எம்.காம். படித்தவள். வாரக்கணக்கில் வேறு ஒரு இடத்தில் எண்ணெய் தேய்க்கவும் வெந்நீர் ஊற்றவும் விட்டிருக்கிறாள், சரியான இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு. நான் இதை அவளிடமே சொன்னேன். "உனக்குக் கல்யாணம் ஆகட்டும், தெரியும்" என்றாள். முட்டாள்தனத்தைக் கல்யாணத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

பாடப்புத்தகத்தில் வால் எலும்புக்கு ஒரே ஒரு வரிதான். நான்கு முள்ளெலும்புகள் இணைந்து உருவானது. அவ்வளவே. அது வலிக்கும் என்று எழுதவில்லை. எழுதியவர் பிள்ளை பெற்றிருக்க மாட்டார்.

மே 17, சனி

தாராபுரத்தார் வந்திருந்தார்கள். அக்காவின் கணவர் சிவபாலன் மாமாவும், மாமியார் நாகரத்தினம் அத்தையும்.

நாகரத்தினம் அத்தை எங்கே போனாலும் அங்கே உள்ள பெரிய நாற்காலி அவருக்கு உரியது என்று எப்படியோ நாற்காலிக்கே தெரிந்துவிடும். நடுக்கூடத்தில் அதில் உட்கார்ந்தார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையைக் கைபேசியில் படம் எடுத்தார். தொட்டுப் பார்க்கவில்லை. படம் எடுத்தார்.

அக்கா தூணருகே நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காரு கண்ணு."

"இருக்கட்டுங்கத்தை."

"பச்ச ஒடம்புக்காரி. உக்காரு."

"பரவால்லீங்கத்தை."

காப்பி வந்தது, பலகாரம் வந்தது, அவர்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகக் கதை முழுவதும் வந்தது. அக்கா நின்றாள். கடைசியில் நாகரத்தினம் அத்தையின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அப்படி ஒரு மலர்ச்சியை அந்த முகத்தில் இதற்கு முன் பார்த்ததில்லை.

"பாத்தீங்ளா சம்பந்தி. இந்தக் காலத்துல மாமியா முன்னால உக்காராம நிக்கற புள்ள எங்கிருக்குதுங்க? எங்க ஓரகத்தி மருமக கால்மேல கால் போட்டுட்டு டீவி பாக்கறா. ஊருக்குப் போயி நான் சொல்லோணும்."

அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாங்க அப்படித்தாங்க வளத்துனோம்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். இருமலாக மாற்றிக்கொண்டேன். மாமா எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் தன் மனைவியின் முகத்தை ஒரு முறை பார்த்திருந்தால், அவளுக்கும் ஒரு தம்ளர் கொடுத்திருப்பார்.

போகும்போது முடிவு சொல்லிவிட்டுப் போனார்கள். ஜூன் ஒன்றாம் தேதி பெயர் வைக்கும் சீர். மூன்றாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம், இவ்வளவு நல்ல மருமகளை விட்டுவிட்டு இருக்க முடியவில்லை, சீர் முடிந்ததும் அன்றைக்கே காரில் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

மே 18, ஞாயிறு

நான் அம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டேன். அக்காவுக்கு வலி வால் எலும்பில். எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவள் நின்றது மரியாதைக்கு அல்ல.

"எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மா.

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல?"

"சொல்லி? போன தீவாளிக்கு என்னாச்சுன்னு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் அக்கா மாமனார் எதிரில் சோபாவில் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசியிருக்கிறாள். அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்கள் வந்தால் எழுந்திருக்கத் தெரியாத பெண் என்று சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் பேச்சு. தீபாவளிக்கு மாமா மட்டும் வந்து அக்காவை இங்கே விட்டுவிட்டுப் போனார். திரும்பக் கூப்பிட்டுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. அப்பா போய் மன்னிப்பு மாதிரி ஏதோ பேசினார்.

"அந்தப் பேரு இப்பத்தான் போயிருக்குது. அந்தம்மா வாயாலயே போயிருக்குது. நீ வாயத் தொறந்து கெடுத்துப்போடாத மதி. சீரு முடியட்டும். அங்க போனப்பறம் மெதுவாச் சொல்லிக்கலாம்."

"அங்க போனா எப்படி உக்காருவா? இனி யாரு அவள உக்காரச் சொல்லுவாங்க?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அக்கா போய்விட்டால் எனக்கு அறை முழுதாகத் திரும்பக் கிடைக்கும். படிக்க வசதி. ஆகவே நான் சொல்வதில் என் சுயநலம் எதுவும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மே 22, வியாழன்

பிரசவம் பார்த்த இடத்தில் இன்று அக்காவைத் திரும்பக் காட்டும் நாள். நானும் பிடிவாதமாகப் போனேன்.

"எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கணினியைக் கேட்டார்.

"கொஞ்சம் இடுப்பு வலிங்க டாக்டர்" என்றாள் அக்கா, அம்மாவைப் பார்த்துக்கொண்டே.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினார். அந்தச் சிவப்பு இன்னும் இருக்கிறது. டாக்டர் அக்காவை எழுந்து திரும்பி நிற்கச் சொல்லவில்லை, தொடவில்லை. கால்சியம் மாத்திரை, ஒரு களிம்பு, இடுப்புக்கு பெல்ட். அடுத்தவர்.

பெல்ட்டைக் கட்டினால் அது சரியாக அந்த எலும்பை அழுத்துகிறது. இவ்வளவு துல்லியமாகத் தவறு செய்யவும் படிப்பு வேண்டும்.

மே 24, சனி

நூலகத்தில் எலும்பு பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. வால் எலும்புக்கு அதில் ஒரு முழு அத்தியாயம். மனிதர்களைவிடப் புத்தகங்கள் மேல் என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணம்.

பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும்போது அந்த எலும்பைப் பின்னால் தள்ளும். சிலருக்கு அதன் மூட்டு வீங்கிப்போகும். நின்றால் வலிக்காது, உட்கார்ந்தால் வலிக்கும், சாய்ந்து உட்கார்ந்தால் அதிகம், எழும்போது மிக அதிகம். படிக்கப் படிக்க யாரோ எங்கள் வீட்டுக் கதவருகே நின்று எழுதியதுபோல இருந்தது. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகும். முன்னால் குனிந்து உட்கார வேண்டும். மலச்சிக்கல் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் உட்காரலாம். பின்பக்கம் வெட்டிவிட்ட மெத்தைமேல் உட்கார்ந்தால் எலும்பு எதன்மீதும் படாது. குறையவில்லை என்றால் மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்துச் சோதிக்க வேண்டும். அதற்கு மேலும் வழிகள் இருக்கின்றன.

பூண்டுப்பால் பற்றி அத்தியாயத்தில் ஒன்றும் இல்லை.

பழைய சோபாவிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து, பின்பக்கம் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். மேலே என் பழைய தாவணித் துணியைத் தைத்தேன். தையல் கோணல். அக்கா சந்தேகமாக உட்கார்ந்தாள். கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏ மதி."

"வலிக்குதா?"

"தெரியல. இரு. பாப்பாவக் குடு."

குழந்தை பால் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். இதுவரை ஒருக்களித்துப் படுத்துதான் கொடுத்துவந்தாள். முதல் முறையாகக் குழந்தையின் முகத்தை மேலிருந்து பார்ப்பதாகச் சொன்னாள். மூக்கு என் மூக்குபோல இருக்கிறதாம். குழந்தைகளின் மூக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் போய்ப் பார்த்தேன்.

மே 25, ஞாயிறு

மெத்தை வெஸ்டர்ன் டாய்லெட் மாதிரி இருக்கிறது என்று அம்மா அதைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். யாரோ குழந்தை பார்க்க வந்தார்கள். அக்கா நின்றாள். "உங்க புள்ள நிக்கற மரியாதையத் தாராபுரத்துல பேசிக்கறாங்க" என்றார் வந்தவர்.

மே 29, வியாழன்

இன்று அக்காவிடம் சண்டை போட்டேன். நீயே சொல்லிவிடு என்றேன்.

"என்னன்னு சொல்றது?"

"உக்காந்தா வலிக்குதுன்னு. நாலு வார்த்தகூட இல்ல."

"நல்ல பேரு எடுத்திருக்கேன் மதி. ரெண்டு வருசத்துல மொதல் தடவ. அவங்க போன் பண்ணி 'கண்ணு'ங்கறாங்க. உனக்கு அது புரியாது."

எனக்குப் புரிகிறது. வலியைக் கொடுத்து ஒரு சொல்லை வாங்கியிருக்கிறாள். விலை கொடுத்து வாங்கியதையே திருடிவிட்டதாக நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறாள். என் அக்காவைப் பற்றி இப்படி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

குழந்தை அழுதால் என்னால் படிக்க முடிவதில்லை. இன்று மதியம் முழுக்க அழவே இல்லை. ஏன் என்று மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலேயே தாராபுரத்தார் இரண்டு காரில் வந்தார்கள். கூடத்தில் கோலம் போட்டு மணைப்பலகை வைத்திருந்தது. எங்கள் வழக்கத்தில் பிள்ளை பெற்றவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார வேண்டும். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அட்சதை போட்டு, குழந்தையின் காதில் பெயர் சொல்ல வேண்டும். வெறும் பலகை. தரையிலிருந்து நான்கு விரல் உயரம். மெத்தையை அடியில் வைக்கலாமா என்று கேட்டேன். "மணையில மெத்தையா" என்றார் அம்மா, நான் செருப்பை வைக்கச் சொன்னதுபோல.

அக்கா பட்டுப்புடவையில் குழந்தையோடு வந்தாள். மணைக்கு அருகே வந்து நின்றாள்.

"உக்காரு கண்ணு" என்றார் நாகரத்தினம் அத்தை.

அக்கா பலகையைப் பார்த்தாள். அவள் கண்கள் அதை அளப்பது எனக்குத் தெரிந்தது. எப்படி இறங்குவது, எதைப் பிடிப்பது, எப்படி எழுவது. கையில் குழந்தை வேறு.

அவள் உட்காரவில்லை.

நாகரத்தினம் அத்தை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்கப் பெருமை. "நான் சொன்னேனில்ல? நான் நின்னுட்டிருக்கறேனாமா. அதான் உக்கார மாட்டேங்குது." ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ம், நான் உக்காந்துட்டேன். இப்ப உக்காரு சாமி."

அக்கா நின்றாள்.

"இவங்கெல்லாம் நிக்கறாங்கன்னு பாக்குதாட்டிருக்குது. எல்லாரும் உக்காருங்க" என்றார் அத்தை. அத்தனை பெண்களும் உட்கார்ந்தார்கள். தரையில், திண்டில், கட்டிலில். பட்டுப்புடவைகள் சரசரத்து அடங்கின. ஆண்கள்கூட வாசலில் உட்கார்ந்தார்கள். கூடத்தில் அக்கா ஒருத்தி மட்டும் நின்றாள். எல்லாரும் அவளை அண்ணாந்து பார்த்தார்கள்.

இனி நிற்பதற்கு மரியாதை என்று பெயர் வைக்க வழியில்லை. முன்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். நாகரத்தினம் அத்தையின் சிரிப்பு மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

"என்ன கோகிலா?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா 'உட்கார்' என்று கண்ணால் கெஞ்சினார். பிறகு அக்கா சத்தமாக, ஆனால் சாதாரணமாக, மளிகைக் கடையில் பருப்பு கேட்பதுபோலச் சொன்னாள்:

"எனக்கு வால் எலும்பு வலிங்கத்தை. புள்ள பொறந்ததுல இருந்து. உக்கார முடியாது."

வாசலில் ஒரு ஆண் தொண்டையைச் செருமினார்.

"அப்ப அன்னிக்கு நின்னது?" என்றார் நாகரத்தினம் அத்தை.

"வலிங்கத்தை."

"நான் வந்தன்னிக்கு, அவ்வளவு நேரம்?"

"ஆமாங்க."

பின்வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்த ஓரகத்தியாக இருக்க வேண்டும். நாகரத்தினம் அத்தையின் காது சிவந்தது. எழுந்தார். அக்காவின் கையிலிருந்து குழந்தையை வாங்கினார். நேராக மணையில் போய் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். "பேர் வைங்க" என்றார்.

வைத்தார்கள். எண் ஜோதிடம் பார்த்து நீட்டி வைத்த பெயர். குழந்தை வளர்ந்து அதை எழுதக் கற்றுக்கொள்வதற்குள் கல்லூரி முடிந்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் கிளம்பினார்கள். அக்காவை ஏறச் சொல்லவில்லை. "வலியெல்லாம் தீந்ததுக்கப்பறம் வரட்டும். எங்க ஊட்ல நின்னுட்டே இருக்கோணும்னு யாரும் கேக்கல" என்று நாகரத்தினம் அத்தை என் அப்பாவிடம் சொன்னார், அக்காவிடம் அல்ல. சிவபாலன் மாமா கார் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அவர் செய்த ஒரே காரியம் அது.

அம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதார். "போச்சு. மறுபடியும் போச்சு."

அவமானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அவர்கள் அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது அவளுக்கு வேண்டியிருந்த ஒரே பொருளை: நேரம்.

நான் சந்தோஷப்படவில்லை. பாயசம் மீந்துவிட்டது, வீணாகக் கூடாது என்று மூன்று தம்ளர் குடித்தேன்.

ஜூன் 4, புதன்

ஈரோட்டில் எலும்பு மருத்துவர். கூட வந்தது அப்பா. யாரும் சொல்லாமல் அவரே காலையில் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

அக்கா 'இடுப்பு' என்று சொல்லவில்லை. ஊர் முன்னால் சொன்ன பிறகு டாக்டரிடம் சொல்ல என்ன? அவர் அழுத்திப் பார்த்தார், படம் எடுத்தார். முறிவு இல்லை. மூட்டு பின்னால் தள்ளி வீங்கியிருக்கிறது. மாத்திரை, பயிற்சி, வாரம் இரண்டு முறை பிசியோதெரபி. குறையாவிட்டால் ஊசி. அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது. பெல்ட்டைப் பார்த்துவிட்டு, "இத யாரு போடச் சொன்னா?" என்றார். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

வரும் வழியில் பஸ்ஸில் அக்காவுக்கு இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். அப்பாவும் உட்காரவில்லை. அந்த இடத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள். நான் படித்துக்கொண்டு வந்தேன், ஒரே பக்கத்தை.

ஜூன் 15, ஞாயிறு

தாராபுரத்திலிருந்து போன் இல்லை. அம்மா கைபேசியைச் சமையலறையிலேயே வைத்துக்கொள்கிறார். அடிக்கடி அது ஓடுகிறதா என்று தட்டிப் பார்க்கிறார்.

அக்கா பயிற்சிகளை ஒழுங்காகச் செய்கிறாள். நான் மேற்பார்வை. மல்லிகா அத்தை வந்து பார்த்துவிட்டு, "நாந்தான் மொதல்லயே சொன்னேனே, அந்த எலும்புதான்னு" என்றார். இவரோடு வாதாடுவது சுவரோடு பூப்பந்து ஆடுவது.

ஜூன் 29, ஞாயிறு

காலை பத்தரைக்கு வாசலில் கார் நின்றது. சிவபாலன் மாமா மட்டும் இறங்கி உள்ளே வந்தார்.

அக்கா நடுக்கூடத்தில் பெரிய நாற்காலியில், என் கோணல் மெத்தைமேல் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அம்மா கார்ல இருக்காங்க" என்றார் மாமா. "நீ வந்து கூப்பிட்டா உள்ள வருவாங்க."

அம்மா சமையலறை வாசலிலிருந்து இரண்டு கையாலும் 'எழுந்திரு, எழுந்திரு' என்று காற்றைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள வரச் சொல்லுங்க" என்றாள் அக்கா. "நான் இப்பத்தான் உக்காந்தேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் அவருக்கு உதவவில்லை. அவர் வெளியே போனார். காரில் பேச்சு நீண்டது. போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஆனாலும் அவள் அசையவில்லை. பிறகு கார்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

நாகரத்தினம் அத்தை உள்ளே வந்து நின்றார். பெரிய நாற்காலியைப் பார்த்தார். அதில் அக்கா. "வாங்கத்தை" என்றாள் அக்கா, உட்கார்ந்தபடியே. அப்பாகூடப் பேப்பரைக் கீழே இறக்கிவிட்டார்.

அத்தை நின்றுகொண்டே இருந்தார். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அதற்குத் தகுந்த நான்கு பதில்கூட மனதில் தயாராக வைத்திருந்தேன்.

அவர் சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன நேரம் உக்காரலாம்னு சொல்லியிருக்காங்க?"

"அரை மணி நேரமுங்கத்தை."

அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி. அப்ப அதுக்குள்ள பேசிக்கலாம்" என்றார்.

பேசினார்கள். நான் காப்பி கொடுக்கும் சாக்கில் இரண்டு முறை போனேன். முதல் முறை இருவரும் விறைப்பாக இருந்தார்கள். இரண்டாவது முறை நாகரத்தினம் அத்தை, "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "சொல்ற மாதிரி நீங்க இருந்திருந்தாச் சொல்லியிருப்பேனுங்க" என்றாள் அக்கா. அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அத்தை காப்பியைக் குடித்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

அரை மணி ஆனதும் அக்கா எழுந்து நடந்தாள். அத்தை உட்கார்ந்தபடியே பேசினார், அக்கா நடந்தபடியே பதில் சொன்னாள். மாமா குழந்தையை வைத்திருந்தார். படம் எடுக்கவில்லை, இரண்டு கையும் தேவைப்பட்டது.

சிகிச்சை இன்னும் மூன்று வாரம். தாராபுரத்திலும் பிசியோதெரபி செய்கிறவர் இருக்கிறாராம், விசாரித்திருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அக்கா. போகத்தான் போகிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

நல்லது. அறை எனக்குக் கிடைக்கும்.

அக்காவின் பெட்டி பரண்மேல் இருக்கிறது. அதை இறக்க இந்த வீட்டில் என் உயரம்தான் சரி. யாராவது கேட்கட்டும், பார்க்கலாம்.